ஏற்காட்டில் தெரிவது பனியா, புகையா: பிள்ளைகளுக்குத் தர்க்கம் சொல்லித்தரலாமா?

நாகலூர்க்காரன்:
எங்க ஊர்ல சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டீச்சர் பசங்களுக்குத் தர்க்கம் சொல்லித்தர்றாங்க. யார் என்ன சொன்னாலும் காரணம் கேளு, அந்தக் காரணம் தாங்குமான்னு பாருன்னு பாடம். போன மாசியில வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்துச்சு. சேர்வராயன் கோயில் பக்கம் வெள்ளையா எழும்புது, "மலையில் தீ, எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு. என் பையன் பார்த்ததும் "இது மூடுபனி, போலி வாதம்"னு சொல்லிட்டுப் படுத்துட்டான். எங்கம்மா அன்னைக்கு ராத்திரியே "சருகு எரியற வாசம் வருதுடா"ன்னாங்க. அவன் கேக்கல. நானும் அவன் பேச்சைத்தான் நம்பினேன். விடிஞ்சு பார்த்தா கீழ்ச்சரிவுல இருந்து எங்க காப்பித் தோட்டத்து வேலி வரைக்கும் கருகிக் கிடக்கு. அறுபது வருஷமா மலையில இருக்கறவங்க மூக்கை விடவா இந்தப் பாடம் பெருசு? வகுப்பை நிறுத்தணுங்க.

செவ்வாய்ப்பேட்டை:
அண்ணன் சொல்றது சரி. என் பொண்ணுகிட்ட "ராத்திரி மலைப்பாதையில வண்டி எடுக்காதே, உன் வயசுல நான் விழுந்திருக்கேன்"னேன். "ஒரு தடவை நடந்ததை வெச்சுப் பொதுவிதி சொல்றீங்கப்பா, அது பிழை"ன்னுட்டா. பிழைக்கெல்லாம் பேர் தெரிஞ்சுபோச்சு. பேரைச் சொன்னதோட பேச்சும் முடிஞ்சுபோச்சு. எதிராளி வாயை அடைக்கத்தான் இது உதவுது.

சனிக்கிழமை டீச்சர்:
அந்த வகுப்பை எடுப்பவள் நான்தான். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (இங்கே மதம் என்றால் நூலாசிரியர் கொள்ளும் கொள்கை) 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு' என்று ஒன்று உண்டு. மறுப்பதற்கு முன் அடுத்தவர் கருத்தை ஏற்று, அவர் பக்கம் நின்று பார்ப்பது. அப்படி நின்று பார்த்தால் உங்கள் கோபத்தில் பாதி என்னைச் சேர வேண்டியதுதான். வேலி வரை எரிந்ததைக் கேட்டு மனம் கஷ்டப்பட்டது.

ஆனால் அன்று நடந்ததைப் பிரித்துப் பாருங்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மலையையும் நெருப்பையும் வைத்துத்தான் பாடம் நடத்துகிறார். 'இம்மலையில் நெருப்பு உண்டு' என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. 'புகை இருப்பதால்' என்பது ஏது, அதாவது காரணம். 'அடுக்களை போல' என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. ஏது பழுதாகும் வழிகளையும் வரிசையாகச் சொல்கிறார். அதில் ஒன்று, தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகையாகக் கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது. ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எங்கே கிடைக்கும்? விடியற்காலையில் ஏரி மேலேயே 'புகை' கிளம்புகிறதே!

உங்கள் மகன் அதுவரை சரி. படத்தில் இருந்தது பனி, அந்த ஏது விழுந்துவிட்டது. ஏது விழுந்தால் 'நெருப்பு உண்டு' என்பது நிரூபணமாகவில்லை, அவ்வளவே. 'நெருப்பு இல்லை' என்று ஆகிவிடாது. இந்தப் படியை நான் அழுத்திச் சொல்லித்தரவில்லை, அது என் குறை. பாட்டி சொன்ன வாசம் வேறோர் ஏது. அதைத் தனியாக எடை போட்டிருக்க வேண்டும். அன்று அந்த வீட்டில் நல்ல ஏதுவைக் கையில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அடிவாரம்:
நாகலூர் அண்ணனிடம் ஒரு கேள்வி. அம்மா வாசம் என்று சொல்லி, போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லாமல் போனது எத்தனை தடவை? பலித்த நாள்தான் நமக்கு ஞாபகம் இருக்கும்.

நாகலூர்க்காரன்:
பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு தடவை ஆகியிருக்கு. கீழே யாராவது குப்பை கொளுத்தியிருப்பாங்க. ஆனா டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வர அரை மணி நேரம். பார்க்காம விட்டா தோட்டமே போயிடும். அம்மா பத்துல ஒண்ணு சரியாச் சொன்னாலும் நான் எழுந்து போயிருக்கணும். இந்தக் கணக்கை உங்க பாடம் சொல்லித்தருதா டீச்சர்?

சனிக்கிழமை டீச்சர்:
இதுவரை இல்லை. உண்மையா என்று கேட்பது ஒரு கேள்வி, தவறிப்போனால் எவ்வளவு நட்டம் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதோடு நிறுத்திவிட்டேன். அடுத்த சனிக்கிழமை நீங்களே வந்து பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
என் பொண்ணு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே?

சனிக்கிழமை டீச்சர்:
மகள் சொன்னது சரிங்க, ஒரு தடவை விழுந்தது பொதுவிதி ஆகாது. ஆனால் ஏன் விழுந்தீர்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். ஏன் விழுந்தீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை:
கொண்டை ஊசி வளைவுல பனி. ஹெட்லைட் வெளிச்சம் பனியிலேயே பட்டுத் திரும்பிக் கண்ணு கூசிடுச்சு, ரோட்டு ஓரமே தெரியல. இதை அவகிட்ட நான் சொன்னதே இல்லைங்க.