ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? குவாரிக்கு வந்த விஞ்ஞானி

பர்கூர் கல்லுக்காரன்:

பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில சூப்பர்வைசரா இருக்கேன். நாலு வருஷம் முன்னாடி ஒரு நிலவியல் ஆராய்ச்சியாளர் சாம்பிள் எடுக்க வந்தார். மூணு நாள் அவருக்குத் துணையா என்னைத்தான் போட்டாங்க.

எங்க கல்லைக் கையில வெச்சு, வரி வரியா ஓடறதைக் காட்டி, "இதுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம்"னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். கல்லுக்குள்ள ஜிர்கான்னு மணல் மாதிரி ஒரு பொடிசு இருக்காம். உருவாகும்போது யுரேனியத்தை உள்ள விடும், ஈயத்தை அண்டவிடாது. அப்புறம் யுரேனியம் கொஞ்சங்கொஞ்சமா ஈயமா மாறும். பாதி மாறவே 447 கோடி வருஷம் ஆகும். எவ்வளவு மாறியிருக்குன்னு அளந்தா வயசு வந்துடும். எனக்கே புரியற மாதிரி சொன்னார், மகராசன்.

ரெண்டாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ணை மூடி ரொம்ப நேரம் ஜெபம் பண்ணார். பேச்சு வளர்ந்தது. பூமியைக் கர்த்தர் படைச்சு ஆறாயிரம் வருஷந்தான் ஆச்சுங்கறார்! எனக்குச் சோறு தொண்டையில நின்னுடுச்சு.

"அப்ப நேத்து சொன்ன 250 கோடி?"

"கல்லு அதைத்தான் சொல்லுது தம்பி. மாத்தி எழுதினா நான் பொய்யன். ஆனா ஆண்டவர் ஆதாமைக் குழந்தையாவா படைச்சார்? வளர்ந்த ஆளாத்தானே. கல்லையும் வயசோட படைச்சிருக்கலாம்ல?"

"அப்ப ஆதாமுக்குத் தொப்புள் இருந்துச்சா சார்?"

விழுந்து விழுந்து சிரிச்சார். பதில் மட்டும் சொல்லலை.

இதை நான் கேலியாத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். ஆனா யோசிச்சா, பிளாக்குல தண்ணி ஊத்தி, காயாம நிக்கற ஈரக்கோட்டை வெச்சு வெடிப்பு கண்டுபிடிக்கறவன் நான். அதே பிளாக்குல, முனியப்பனுக்குச் சூடம் காட்டாம, கல் அறுக்கற வயரைப் போட விடமாட்டேன். உங்களுக்கு இப்படி யாராவது மாட்டினாங்களா?

பாலக்கோடு வாத்தியார்:

நேரில் பார்த்ததில்லை, படித்தது. கர்ட் வைஸ் என்று ஓர் அமெரிக்கர். பள்ளிப் பையனாக இருந்தபோது ஒரு பைபிளை எடுத்து, பரிணாமம் உண்மையானால் எந்தெந்த வசனம் நிற்காதோ அதையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே போனாராம். முடித்துவிட்டுத் தூக்கினால் புத்தகம் கையில் நிற்கவில்லை. அன்றைக்கே வேதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார். அப்புறம் ஹார்வர்டில் நிலவியல் முனைவர் பட்டம். வழிகாட்டி யார் தெரியுமா, பரிணாம ஆய்வில் பேர்பெற்ற ஸ்டீபன் ஜே கூல்ட்! உங்கள் ஆள் கத்தரிக்கோலையே கையில் எடுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருக்கிறது.

தர்மபுரி மலர்:

எங்க பெரியப்பா சூரியனைப் பத்தித்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். 2019 டிசம்பர் 26 கிரகணம் ஞாபகம் இருக்கா? ஈரோடு, கரூர்ல முழு வளையம், நம்ம ஊர்ல பகுதிதான். காலையில எட்டு மணிக்கே மொட்டைமாடியில தெருப் பசங்களைக் கூட்டி, அட்டையில ஊசித்துளை போட்டு, "நிலா குறுக்க வருது, நிழல் விழுது, அவ்வளவுதான்டா"ன்னு பாடம் எடுத்தார். கீழே வந்து பார்த்தா, ஏழு மாசமா இருந்த எங்கக்காவை உள்ரூம்ல உட்கார வெச்சு, ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கு. கட்டினதும் அவரேதான்! ஊறுகாய் ஜாடியில தர்ப்பை வேற. கேட்டதுக்கு, "கணக்குத் தப்பாப்போனா அழிச்சுட்டுத் திரும்பப் போடலாம், பேரப்பிள்ளையை அப்படிப் பண்ண முடியுமா"ன்னார். எனக்கு இன்னமும் கோவந்தான். அக்கா மூணு மணி நேரம் தண்ணிகூடக் குடிக்கலை.

பாலக்கோடு வாத்தியார்:

கல்லுக்காரரே, உங்கள் விஞ்ஞானி அந்தக் கல்லைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்ததா? எந்த வயதைப் போட்டார்?

பர்கூர் கல்லுக்காரன்:

வந்துச்சுங்க சார். வாட்ஸ்அப்புல அனுப்பினார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, எண்ணை மட்டும் தேடினேன். 250 கோடியேதான், பக்கத்துல கூட்டல் கழித்தல் ஏதோ. கடைசியில நன்றி சொல்ற இடத்துல முதல்ல எங்க குவாரி, அடுத்து லேப் ஆளுங்க, அதுக்கும் கீழே ஆண்டவர்.