முதுகுளத்தூர் பக்கம் மாற்றல்: டிகாக்‌ஷன் ஒன்று தண்ணியாக இருக்கிறது, இல்லையென்றால் இறங்குவதே இல்லை

கண்மாய்க்கரை:
வணக்கம். வங்கி வேலை. முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கிளைக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம், அதனால் என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

இங்கே இரண்டு டீக்கடைகள். டீ அருமையாகப் போடுகிறார்கள். காபி என்று கேட்டால் சின்ன பாக்கெட்டைக் கிழித்துப் பாலில் கொட்டி ஆற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். சரி, வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று ஃபில்டரை எடுத்தேன். மளிகைக்கடைத் தூள் இரண்டு கரண்டி போட்டுத் தண்ணீர் நிரப்பினால் கடகடவென்று இறங்கிவிடுகிறது. நிறம் கறுப்பாக இருக்கிறது, வாயில் கசப்பு மட்டும்தான், மணம் சுத்தமாக இல்லை. தூளைக் கூட்டி நன்றாக அழுத்திப் போட்டால் இறங்காமல் அடைத்துக்கொள்கிறது. இரவு போட்டது விடிந்தும் மேல் பாத்திரத்திலேயே நிற்கிறது.

வீட்டுக் குழாயில் போர் தண்ணீர், லேசாக உப்புக் கரிக்கும். குடிக்கக் கேன் தண்ணீர். பால் பக்கத்திலேயே கறக்கிறார்கள், அதில் குறையே இல்லை. மாதம் ஒரு முறை மதுரை போவேன். கரண்ட் போய்ப் போய் வருவதால் மெஷின் யோசனை வேண்டாம். இன்னொன்று, கருப்பட்டி போட்டுக் காபி குடிக்கலாம் என்று பார்த்தால் பால் திரிந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

வறுவல் வாசனை:
முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று கட்டாயம் அச்சடித்திருக்க வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம், அதாவது சிக்கரி 49 வரை போகலாம். கிராமத்து மளிகைக்கடைக்கு வருவதில் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டிய தூள்தான் இருக்கும், விலை அப்படி. நிறம் கறுப்பாக வந்தும் மணம் இல்லாததற்குக் காரணம் அதுதான். சிக்கரி ஒரு கிழங்கு, வறுத்தால் நிறத்தையும் கசப்பையும் அள்ளிக் கொடுக்கும். காஃபின் துளிகூட அதில் கிடையாது.

கண்மாய்க்கரை:
பார்த்தேன் சார். 53, 47 என்று போட்டிருக்கிறது. தயாரித்த தேதியும் பல மாதம் பின்னால்.

வறுவல் வாசனை:
அப்புறம் என்ன. அரைத்த தூள் இரண்டு வாரத்திலேயே பாதி மணத்தை விட்டுவிடும். பல மாதத் தூளில் நீங்கள் என்ன வித்தை காட்டினாலும் வராது.

அது ஏன் அடைக்கிறது என்றால், சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். பாதிக்குப் பாதி சிக்கரி இருக்கிற தூளைக் கூடுதலாகப் போட்டு அழுத்தவும் செய்தால் களிமண் மாதிரி இறுகிவிடும்.

நான் பல வருஷம் தூள் கடையில் நின்றவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மதுரை போகும்போது கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைக்குப் போங்கள். பீபெரி அல்லது பிளாண்டேஷன் ஏ (இரண்டும் அராபிகா இனக் கொட்டையின் தரப் பெயர்கள்) முக்கால் பங்கு, ரொபஸ்டா என்ற இன்னொரு இனம் கால் பங்கு கேளுங்கள். சிக்கரி வேண்டுமென்றால் நூற்றுக்குப் பத்து, பதினைந்து போதும். ஸ்ட்ராங்காக வேண்டும் என்பவர்கள் ரொபஸ்டாவைக் கேவலமாகப் பார்க்கக்கூடாது. அராபிகாவைவிட அதில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பாலோடு சேர்ந்தாலும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

தூய காபி கட்சி:
சிக்கரியே வேண்டாம் என்று சொல்லுங்கள் சார். அது கலப்படம்.

வறுவல் வாசனை:
லேபிளில் சொல்லிக் கலந்தால் கலப்படம் ஆகாது. சொல்லாமல் கலந்தால்தான் ஆகும். சந்தேகம் இருந்தால் ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர் மேல் தூளைத் தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போகும். மற்றபடி பால் காபிக்குக் கொஞ்சம் சிக்கரி கெட்டித்தன்மை கொடுக்கும் என்பது என் கட்சி. நீங்கள் உங்கள் கட்சியில் இருங்கள்.

பித்தளை ஃபில்டர்:
தம்பி, தூளை அவர் பார்த்துக்கொள்வார், நான் போடுகிற முறையைச் சொல்கிறேன். இரண்டு கரண்டித் தூளுக்கு மேல் பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றினால் அது டிகாக்‌ஷன் ஆகாது, கழுவின தண்ணீர்தான். இரண்டு பேருக்குக் குவித்து நாலு மேசைக்கரண்டி போடுங்கள், எடைக்கு 30 கிராம் வரும். தண்ணீர் 150 மில்லிக்கு மேல் வேண்டாம். தூளே தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே இறங்குவது 90 மில்லி போலத்தான் இருக்கும். அந்த 90ஐ இரண்டு தம்ளருக்குப் பிரித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு பால் விடுங்கள். ஸ்ட்ராங் காபிக்கு இதற்கு மேல் ரகசியம் இல்லை.

தூளை அழுத்தாதீர்கள். பாத்திரத்தை லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, குடையை, அதாவது தண்டு வைத்த ஓட்டைத் தட்டை, மேலே வைத்தால் போதும், அதன் கனமே போதும். தூள் போடுவதற்கு முன்னால் அடியில் ஒரு சிட்டிகை சர்க்கரை தூவுவது எங்கள் வீட்டு வழக்கம், ஓட்டையில் நைஸ் தூள் அடைக்காது. தண்ணீர் தளதளவென்று கொதித்து அடங்கியதும் ஊற்றுங்கள். வெறும் ஃபில்டரை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்கிக்கொண்டால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் பாதிச் சூட்டை எவர்சில்வரே குடித்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் நின்றுபோனால் மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கி வையுங்கள். இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தினால் கீழே இருக்கிற காற்று வெளியே போக வழியில்லாமல் சொட்டுவது நின்றுவிடும். ஃபில்டர் பழையது என்றால் மேல் பாத்திரத்தின் அடியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடைத்த ஓட்டை தெரிந்தால் அடுப்புத் தணலில் ஒரு நிமிடம் காட்டுங்கள், உள்ளே இருப்பது கருகி உதிரும். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், ஜாக்கிரதை.

சாயல்குடி:
உள்ளூர்க்காரன் என்ற முறையில் ஒன்று. போர் தண்ணீரில் காபி போடவே போடாதீங்க. நம்ம பக்கத் தண்ணியில் உப்பு மட்டுமில்லை, பைகார்பனேட்டும் அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படை கட்டுகிறதா பாருங்கள், அதுதான் அடையாளம். காபியில் இருக்கும் இயல்பான புளிப்பை அது அடித்துவிடும், குடித்தால் சப்பென்று மண் மாதிரி இருக்கும். காவிரி கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறதா என்று விசாரியுங்கள். வருகிற நாளில் பிடித்து வைத்த தண்ணீர் காபிக்கு நல்லது. இல்லையென்றால் கேன் தண்ணீரே போதும்.

கருப்பட்டிக்கு வருவோம். பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டிருப்பீர்கள். கருப்பட்டியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், கட்டாயம் மண் இருக்கும். பாலைக் காய்ச்சி அடுப்பை விட்டு இறக்கி, டிகாக்‌ஷன் கலந்து, கடைசியில் அந்தப் பாகை விடுங்கள். கலந்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றக்கூடாது. புளிப்பேறிய பழைய கருப்பட்டி என்றால் இப்படிச் செய்தாலும் திரியும், அதற்குப் பேசாமல் கறுப்பாக, பால் இல்லாமல் குடித்துவிடுங்கள். எங்கள் ஊர்ப் பனங்கருப்பட்டிக்கு அதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஃபில்டரைத் தணலில் காட்டி, கேன் தண்ணீரில், அழுத்தாமல் போட்டேன். அதே பழைய தூள்தான், ஆனால் ஒழுங்காகச் சொட்டி, கெட்டியாக இறங்கியது. மதுரையிலிருந்து புதுத் தூள் வந்ததும் வீடே மணத்தது. முதல் தம்ளரைக் குடித்துவிட்டுக் கிளைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன்.

இப்போது பிரச்சினை வேறு. ஒரு மாதத்துக்கு வாங்கி வந்ததில் கடைசிப் பாதி மணம் இறங்கிவிடுகிறது. எவர்சில்வர் டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பித்தளை ஃபில்டர்:
வேண்டாம் தம்பி. ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் ஈரம் கோக்கும், மீன் குழம்பு வாசனையும் சேர்ந்துகொள்ளும். நான்கு சின்னப் பொட்டலமாகக் கடையிலேயே ஒட்டச் சொல்லி, வாரம் ஒன்றைப் பிரியுங்கள்.

தாண்டிக்குடி மேடு:
பொட்டலம் போட்டாலும் தூள் தூள்தான். நான் கொடைக்கானல் கீழ்மலையில் கொஞ்சம் காபி வைத்திருக்கிறேன், மிளகும் ஆரஞ்சும் ஊடே ஊடே. எங்கள் ஊரில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அவ்வளவுக்குக் காபி ஊர். உங்களுக்கு நான் சொல்வது பச்சைக் கொட்டை. நன்றாகக் காய்ந்த பச்சைக் கொட்டை ஈரம் படாமல் இருந்தால் பல மாதம் கெடாது. இங்கிருந்தோ, ஏற்காட்டிலிருந்தோ, தெரிந்தவர் மூலம் ஐந்து கிலோ வாங்கிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை வேண்டியதை மட்டும் வறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கடைத்தூள் வாங்கியதே கிடையாது.

கனமான இரும்புச் சட்டி, மிதமான தீ, கை விடாமல் கிளற வேண்டும். முதலில் பச்சை மஞ்சளாகும், புல் வேகிற வாசனை வரும். அப்புறம் பழுப்பாகி, பட் பட்டென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கி, இன்னும் கொஞ்சம் கறுத்து, எண்ணெய் மினுமினுப்பு லேசாகத் தெரியத் தொடங்கும்போது இறக்கி உடனே முறத்தில் கொட்டி விசிறுங்கள். சட்டியிலேயே விட்டால் சூட்டில் தொடர்ந்து கருகும். தோல் பறக்கும், புகை வரும், வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தூய காபி கட்சி:
கரண்ட் இல்லாவிட்டால் எப்படி அரைப்பார்?

தாண்டிக்குடி மேடு:
கையால் சுற்றுகிற சின்ன அரவை கிடைக்கிறது. இல்லையென்றால் கரண்ட் இருக்கும்போது மிக்ஸியில் விட்டு விட்டு அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே மூச்சில் ஓட்டினால் தூள் சூடேறி மணம் போய்விடும். ரவையைவிட நைஸாக, மைதாவைவிடக் கொரகொரப்பாக இருக்கட்டும்.

கண்மாய்க்கரை:
மொட்டை மாடியில் விறகடுப்பு வைத்து வறுத்தேன். கால் கிலோ. பாதிக் கொட்டை கறுப்பு, பாதி இன்னும் பழுப்பு. அன்றைக்கே அரைத்துப் போட்டதில் மேலே நுரை பொங்கி வழிந்தது, ருசி கொஞ்சம் முரட்டுத்தனம். மாடி ஏறி வந்து பார்த்த பக்கத்து வீட்டு ஆத்தா, என்ன புளியங்கொட்டையா வறுக்கிறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார்.

வறுவல் வாசனை:
அளவைப் பாதியாக்குங்கள், வீட்டுச் சட்டிக்குக் கால் கிலோ அதிகம், கிளறினாலும் சமமாகச் சூடேறாது. விறகில் தீ ஏறி இறங்கும், முதல் சில தடவை கேஸ் அடுப்பிலேயே பழகிக்கொள்ளுங்கள். நுரை பொங்கியது வறுத்த சூட்டில் கொட்டைக்குள் அடைபட்ட வாயு. ஒரு நாள் டப்பாவை இறுக மூடாமல் விட்டால் அடங்கிவிடும். அரைப்பதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ருசியை மூன்றாவது நாள் டிகாக்‌ஷனில் பாருங்கள். கறுத்த கொட்டைகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பழுப்பானவற்றைத் திரும்ப வறுக்க வேண்டாம், அப்படியே அரைக்கலாம்.

கண்மாய்க்கரை:
சரி சார். ஞாயிற்றுக்கிழமை அரைப் பங்கு போட்டுப் பார்க்கிறேன். ஆத்தாவுக்கும் ஒரு தம்ளர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், கருப்பட்டிதான் வேண்டுமாம்.

சாயல்குடி:
அப்படியென்றால் பால் விடாதீங்க.