ஒளி செங்குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது, மின்புலம் மட்டும் ஏன் விலகி ஓடுகிறது?

கேட்டவர்: அரைவேக்காடு

இரண்டு மின்காப்புப் பொருட்கள் சேரும் இடத்தில் மின்புலக் கோடு எப்படித் திரும்பும் என்று ஒரு கணக்கு. காற்றிலிருந்து செங்குத்துக்கோட்டுக்கு 45 டிகிரியில் கண்ணாடிக்குள் நுழைகிறது, கண்ணாடியின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்தைக் குறைக்கும் திறனைக் காட்டும் எண்) 6. ஒளி மாதிரி செங்குத்துக்கோட்டுப் பக்கம் சாயும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். விடையில் 80.5 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள், அதாவது கிட்டத்தட்ட பரப்போடு படுத்துக்கொள்கிறது! சூத்திரத்தில் போட்டால் எனக்கும் அதுதான் வருகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. சூத்திரம் வேண்டாம், காரணம் சொல்லுங்கள்.

செவ்வகம்

புலத்தை இரண்டு கூறாகப் பிரித்துப் பாருங்கள். 45 டிகிரி என்பதால் காற்றில் செங்குத்துக் கூறு 60, பரப்பை ஒட்டிய கூறு 60 என்று வைத்துக்கொள்வோம், அலகு எதுவானாலும் சரி.

பரப்பை ஒட்டிய கூறு மாறவே முடியாது. மாறினால் என்ன ஆகும்? ஒரு மின்னூட்டத்தைக் கண்ணாடிக்குள் பரப்பை ஒட்டி நகர்த்தி, காற்று வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் ஆற்றல் இலவசமாகக் கிடைக்கும். நிலைமின்புலத்தில் அது நடக்காது. ஆக 60 அப்படியே 60.

செங்குத்துக் கூறுதான் அடி வாங்குகிறது. கண்ணாடி மூலக்கூறுகள் முனைவாகும்போது, அதாவது ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்று ஆகும்போது, அதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய மின்னூட்டப் படலம் தோன்றுகிறது (வெளியிலிருந்து வந்ததல்ல, மூலக்கூறோடு கட்டுண்டது). தட்டையான படலம் தன் இரண்டு பக்கமும் செங்குத்தாக மட்டுமே புலத்தைத் தரும், பக்கவாட்டில் தள்ளவோ இழுக்கவோ அதற்கு வழியில்லை. அதனால் கண்ணாடிக்குள் செங்குத்துக் கூறு 60-லிருந்து 10 ஆகக் குறைகிறது, ஆறில் ஒரு பங்கு. இப்போது 10-உம் 60-உம் சேர்த்து அம்புக்குறி வரையுங்கள், படுத்துத்தான் கிடக்கும். கோடு எங்கேயும் திரும்பிப் போக முடிவு செய்யவில்லை, ஒரு கால் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

பழைய முக்கோணம்

மேலே சொன்னது சரி, ஆனால் ஒளி பற்றிய பாதி அந்தரத்தில் நிற்கிறதே. ஒளிக்கதிர் என்பது அலை போகும் திசை. அதன் மின்புலம் கதிருக்குச் செங்குத்தாக அதிர்கிறது. கதிரையும் புலக்கோட்டையும் ஒன்றாக நினைப்பதுதான் குழப்பத்தின் வேர்.

சோதித்துப் பாருங்கள். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடி, கதிரும் செங்குத்துக்கோடும் இருக்கும் தளத்திலேயே மின்புலம் அதிரும் ஒளி, அதற்கு எதிரொளிப்பே இல்லாத புரூஸ்டர் கோணம். கதிர் 56.3 டிகிரியில் வந்து 33.7-ல் உள்ளே போகிறது. மின்புலம் அந்தக் கதிருக்குச் செங்குத்து என்பதால் அது வெளியே 33.7 டிகிரி, உள்ளே 56.3 டிகிரி சாய்ந்திருக்கும். விலகித்தான் போகிறது! டேன்ஜென்ட் மதிப்புகளை வகுத்தால் 1.5 ÷ 0.667 = 2.25. அது 1.5-இன் வர்க்கம், அதாவது ஒளி அதிர்வெண்ணில் அந்தக் கண்ணாடியின் விடுதிறன். உங்கள் கணக்கிலும் டேன்ஜென்ட் விகிதம் விடுதிறனேதான், 6 ÷ 1. ஒரே விதிதான் இரண்டு இடத்திலும். முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உயரழுத்தம்

தாளில் கோணம் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள், இந்த விஷயம் கையைச் சுடும். படிக்கும்போது ஆய்வகத்தில் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தட்டுகள், ஏ.சி. உச்ச மதிப்பு 20 கிலோவோல்ட். மில்லிமீட்டருக்கு 2 கிலோவோல்ட், காற்று சுமார் 3 வரை தாங்கும், பிரச்சினை இல்லை. இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று புத்திசாலித்தனமாக 8 மில்லிமீட்டர் கண்ணாடியை நடுவில் செருகினேன். சுவிட்சைப் போட்டதும் உஸ்ஸென்று இரைச்சல், ஓசோன் நெடி, விளக்கை அணைத்தால் ஊதா நிறத்தில் மினுக்கம்.

கணக்கு இதோ: மீதி 2 மில்லிமீட்டர் காற்று, கண்ணாடியோ 8-ஐ 6-ஆல் வகுத்தால் 1.33 மில்லிமீட்டர் காற்றுக்குச் சமம். 20-ஐ 3.33-ஆல் வகுத்தால் காற்றில் மில்லிமீட்டருக்கு 6 கிலோவோல்ட்! கண்ணாடியில் வெறும் 1. நல்ல காப்பை வைத்து மோசமான காப்பைக் கொன்றேன்.

எபாக்ஸி என்ற காப்புப் பிசினுக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழிக்கும் இதே கதிதான். புலத்துக்குக் குறுக்கே தட்டையாகக் கிடக்கும் குமிழி மிக மோசம், விடுதிறன் 4 என்றால் உள்ளே 4 மடங்கு. உருண்டை என்றால் 1.33 மடங்கு. புலத்தோடு நீளவாக்கில் இருந்தால் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது, செவ்வகம் சொன்ன அந்த மாறாத கூறுதான் காரணம்.

அரைவேக்காடு

"ஒரு கால் குட்டை" பிடிபட்டுவிட்டது, நன்றி. புரூஸ்டர் கணக்கையும் போட்டேன், வந்தது. ஒரே ஒரு சந்தேகம்: டி.சி. கொடுத்தாலும் இதே பங்கீடுதானா?

உயரழுத்தம்

சுவிட்ச் போட்ட கணத்தில் ஆமாம், அப்புறம் இல்லை. எந்தக் காப்பும் துளியாவது கடத்தும். நேரம் போகப் போக எல்லையில் உண்மையான மின்னூட்டம் வந்து சேரும், கடைசியில் விடுதிறனை யாரும் கேட்பதில்லை, மின்தடைதான் பங்கு பிரிக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெயும் அழுத்தப்பலகையும் (காப்புக்காக வைக்கும் கெட்டி அட்டை) அடுத்தடுத்து இருந்தால் ஏ.சி.யில் எண்ணெய்க்கு அதிகச் சுமை, டி.சி.யில் பலகைக்கு. டி.சி.யை அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் அங்கேயே கிடக்கும், தரையிணைப்புக் கம்பியை வைக்காமல் கையை நீட்டாதீர்கள்.