அப்பா இனிஷியல் மாறினதால வாரிசு சான்றிதழ் நிக்குது, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தவறி மூணு மாசம் ஆச்சு. 21 நாளுக்குள்ளயே பதிஞ்சு இறப்பு சான்றிதழ் வாங்கிட்டோம், ஆனா அதுல ஒரு இனிஷியல்தான் இருக்கு, ஆதார்லயும் பாஸ்புக்லயும் ரெண்டு. துக்கத்துல யாரும் அத கவனிக்கல.

இ-சேவையில வாரிசு சான்றிதழுக்கு போட்டோம், விஏஓ வீட்டுக்கு வந்து விசாரிச்சு எழுதிட்டு போனாரு, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) கிட்ட போனதும் ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி நம்புறதுன்னு திருப்பி விட்டுட்டாங்க, நாலு தடவ அலைஞ்சாச்சு, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பேப்பர் கேக்குறாங்க. முட்டி வலியோட அம்மா மாடி ஏறி வந்து, அப்பாவோட பழைய ரேஷன் கார்ட மடியில வெச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தத பாக்கவே முடியல.

பேங்க்ல அப்பா நாமினி போடல, அதனால வாரிசு சான்றிதழ் இல்லாம பணமும் வராது, பட்டா மாத்தறதும் அப்படியே கெடக்கு.

இறப்பு சான்றிதழ்லயே திருத்தம் பண்ணிடறது நல்லதா, இல்ல நோட்டரி அபிடவிட் குடுத்தா ஒத்துக்குவாங்களா? அக்கா கல்யாணமாகி பெங்களூர்ல இருக்கா, அவ கைக்குழந்தையோட நேர்ல வந்துதான் ஆகணுமா? இத கடந்து வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, திங்கக்கிழமை மறுபடி போகணும்.