வலையமைப்புப் பொறியியல் படிக்க எந்தப் பிரிவில் சேரலாம்?

பொருநை_மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்காகக் காத்திருக்கிறேன், கட்-ஆஃப் 178. கணினி வலையமைப்புத் (நெட்வொர்க்) துறையில்தான் பணியாற்ற வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதற்குக் கணினி அறிவியலா, தகவல் தொழில்நுட்பமா, ஈசிஇ-யா (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்), எதில் சேர்வது என்று தெரியவில்லை. சில கல்லூரிகளில் ‘கம்ப்யூட்டர் அண்ட் கம்யூனிகேஷன்’ என்றே ஒரு பிரிவு இருக்கிறது; பெயரைப் பார்த்தால் அதுவே எனக்குப் பொருத்தமானதாகத் தோன்றுகிறது. எங்கள் ஊர்க் கணினி மையத்திலோ, எந்தப் பிரிவானாலும் சரி, முதலாண்டிலேயே சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழ்) முடித்துவிட்டால் போதும் என்கிறார்கள். எல்லாம் கிளவுடுக்கு (இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு) போய்விட்டதால் இத்துறையில் இனி வேலையே இருக்காது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பாவுக்கும் கவலையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சிறுசேரி_பொறியாளர்

அன்புத் தங்கைக்கு, சென்னையில் ஒரு தரவு மையத்தின் வலையமைப்புக் குழுவில் பணியாற்றுபவள் என்ற முறையில் எழுதுகிறேன். பிரிவின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தப் பிரிவின் பாடத்திட்டத்தை எட்டுப் பருவங்களுக்கும் இறக்கி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) கணினி அறிவியல் மாணவர்களுக்கு ‘கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்’ ஐந்தாம் பருவத்தில் வரும் ஒரு கட்டாயப் பாடம், அவ்வளவுதான். அதைத் தாண்டி நீங்கள் கற்பவை விருப்பப் பாடங்களையும் உங்கள் சொந்த முயற்சியையும் பொறுத்தவை. எனவே எந்தக் கல்லூரி எந்த விருப்பப் பாடத்தை உண்மையில் நடத்துகிறது என்பதே பெயரைவிட முக்கியமான கேள்வி. பட்டியலில் பத்து இருக்கலாம். ஆசிரியர் இருப்பது இரண்டுக்குத்தான் என்றால், உங்களுக்குக் கிடைப்பதும் அந்த இரண்டுதான்.

நான் கணினி அறிவியலையே பரிந்துரைப்பேன். இயங்குதளம், தரவுக் கட்டமைப்பு, நிரலாக்கம் ஆகிய மூன்றும் இல்லாமல் இன்று வலையமைப்பு வேலை நடப்பதில்லை. நூற்றுக்கணக்கான சுவிட்சுகளின் (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளின்) அமைவை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் காலம் போய், பைத்தான் மொழியில் நிரல் எழுதி ஒரே நேரத்தில் மாற்றுகிறோம்.

கணிதத்தைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நொடிக்கு 1000 பொட்டலங்களை (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகளை) அனுப்பக்கூடிய ஓர் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலங்கள் வந்து சேரும் இடைவெளியும் ஒவ்வொன்றையும் அனுப்ப ஆகும் நேரமும் சீரற்றவை என்று கொள்ளும் எளிய வரிசை மாதிரியில், நொடிக்கு 500 பொட்டலங்கள் வந்தால் ஒரு பொட்டலம் சராசரியாக 2 மில்லிநொடியில் கடந்துவிடும். 900 வந்தால் 10 மில்லிநொடி ஆகும். 990 வந்தால் 100 மில்லிநொடி. இணைப்பில் இன்னும் இடம் இருக்கிறது என்று அளவீட்டுத் திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே பயனர்கள் ஏன் புகார் செய்கிறார்கள் என்பதை இந்தக் கணக்குதான் விளக்குகிறது. 2017 ரெகுலேஷனில் ‘பிராபபிலிட்டி அண்ட் க்யூயிங் தியரி’ என்று நான்காம் பருவத்தில் இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. நீங்கள் சேரும் ஆண்டின் பாடத்திட்டத்தில் அது எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் தனியாகப் படித்துவிடுங்கள்.

கிளவுடு பற்றிய அச்சம் தேவையற்றது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கிளவுடு என்பதும் ஏதோ ஒரு கட்டடத்தில் ரூட்டர்களாலும் கண்ணாடி இழைகளாலும் இணைக்கப்பட்ட கணினிகளே. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகமெங்கும் முடங்கின. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது; அதை உணர்ந்த டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருபவை), தங்களை அடையும் வழிகளை பிஜிபி (வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழிகளை அறிவிக்கும் முறை) மூலம் இணையத்திலிருந்து தாமே விலக்கிக்கொண்டன. பாடநூலில் வெவ்வேறு அலகுகளில் வரும் டிஎன்எஸ்-ஐயும் பிஜிபி-யையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்தவர்கள்தான் அன்று தேவைப்பட்டார்கள், இனியும் தேவைப்படுவார்கள்.

ஆய்வக_ஆசிரியர்

மேலே சகோதரி எழுதியவற்றில் பெரும்பாலானவை எனக்கும் ஏற்புடையவையே. ஆனால் ஒரு கல்லூரியில் ஈசிஇ பாடம் நடத்துபவன் என்ற முறையில், அந்தப் பிரிவை அவ்வளவு விரைவாகக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி வடம் 2002-இல் செயல்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். நல்ல கண்ணாடி இழையில்கூட ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் வீதம் மங்குகிறது; அதாவது 50 கிலோமீட்டர் போவதற்குள் அதன் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும். வழிநெடுகக் கடலுக்கடியில் பெருக்கிகளை வைத்துத்தான் அதை மறுகரை சேர்க்கிறார்கள். இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் என்பதால், போய்த் திரும்பக் குறைந்தது 32 மில்லிநொடி ஆகும். எவ்வளவு பணம் கொடுத்து இணைப்பின் கொள்ளளவைக் கூட்டினாலும் இந்த நேரம் குறையாது. இத்தகைய இயற்பியல் உங்களை ஈர்க்குமானால், அல்லது கைப்பேசிக் கோபுரங்கள், கம்பியில்லாத் தொடர்பு ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால், ஈசிஇ-யே சரியான இடம்.

எந்தப் பிரிவானாலும், விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை கல்லூரிக்குப் போய், மூன்றாமாண்டு மாணவர்களிடம் ஆய்வகத்தைப் பற்றிக் கேளுங்கள். ரூட்டரையும் சுவிட்சையும் அவர்களே இணைத்து, பிழை வந்தால் அவர்களே கண்டுபிடிக்கிறார்களா, அல்லது ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறதா என்பது பத்து நிமிடப் பேச்சில் தெரிந்துவிடும். கையேட்டிலும் இணையதளத்திலும் இந்த விவரம் இருக்காது.

பொருநை_மாணவி

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. எனக்கு நிரலாக்கத்தில் ஆர்வம் உண்டு என்பதால் கணினி அறிவியலை முதலில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். சிசிஎன்ஏ-வை எப்போது எழுதுவது நல்லது? முதலாண்டிலேயே விலை உயர்ந்த மடிக்கணினி வாங்க வேண்டியிருக்குமா?

சிறுசேரி_பொறியாளர்

சிசிஎன்ஏ சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். முதலாண்டில் எழுதினால், நீங்கள் பட்டம் பெறும்போது அது காலாவதியாகும் நிலையில் இருக்கும். கட்டணமும் நம் குடும்பங்களுக்குச் சிறிய தொகை அல்ல. வலையமைப்புப் பாடத்தை முடித்துவிட்டு, அந்த ஆண்டின் இறுதியில் எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது பாடமும் நினைவில் இருக்கும், சான்றிதழும் கையில் இருக்கும்.

மடிக்கணினிக்கு 8 ஜிபி நினைவகம் போதும். பேக்கெட் ட்ரேசர் (வலையமைப்பைத் திரையிலேயே அமைத்துப் பழகும் மென்பொருள்), வயர்ஷார்க் (கடந்து செல்லும் பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாண்டு விடுமுறையிலேயே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ‘நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்’ என்ற வசதியைப் பழகுங்கள். ஒரே கணினிக்குள் நான்கைந்து தனித்தனிக் கணினிகள் இருப்பதுபோல் அமைத்து, அவற்றுக்கிடையே நீங்களே ரூட்டிங் (பொட்டலங்களுக்கு வழி அமைத்தல்) செய்து பார்க்கலாம். பிறகு ஒரு இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, எந்தப் பொட்டலம் எங்கே நின்றது என்று வயர்ஷார்க்கில் தேடுங்கள். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: எதை உடைத்துப் பார்த்தாய், எப்படிக் கண்டுபிடித்தாய்?