வங்கி வேலையை விட்டுவிட்டு சிறப்பாசிரியர் ஆகலாமா? வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு அரசு வங்கியில் ஸ்கேல் 2 அதிகாரியாக இருக்கிறேன், 2013-ல் சேர்ந்தேன், வயது 36. மதுரைப் பக்கம் ஒரு கிளையில் கடன் பிரிவு. கணவர் தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறார், மகள் ஐந்தாம் வகுப்பு. வேலையை விட்டுவிட்டு, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் சிறப்பாசிரியர் படிப்பைப் படித்து அந்தத் துறைக்கே போய்விடலாம் என்று ரொம்ப நாளாக யோசிக்கிறேன்.

வங்கி வேலை பிடிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்கிய ஒரு இட்லிக் கடைக்காரர் இரண்டு வருஷத்தில் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குக் கிடைக்கிற நேரம் குறைந்துகொண்டே வருகிறது. இன்சூரன்ஸ் பாலிசி எத்தனை, மியூச்சுவல் ஃபண்ட் எத்தனை என்று சாயங்காலம் ஆனால் போன். எஃப்.டி. புதுப்பிக்க வரும் வயசானவர்களிடம், அவர்களுக்குத் தேவையே இல்லாத பாலிசியைப் பேசி விற்க என் மனசு ஒப்பவில்லை.

மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு பையனுக்குக் கைரேகை மெஷினின் சிவப்பு வெளிச்சம் பயம், கையை மடக்கிக்கொண்டு கத்தினான், வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். மெஷினைத் தரையில் வைத்து, நானும் தரையில் உட்கார்ந்து, முதலில் என் விரல், அப்புறம் அவன் அம்மா விரல் என்று மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவனே வந்து வைத்தான். அன்றிலிருந்துதான் இந்த எண்ணம் உறுதிப்பட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறப்புப் பள்ளி விடுதிக்குப் போய் உதவி செய்கிறேன்.

என்ன படிக்க வேண்டும், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், வங்கியை விடும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? "கவர்மென்ட் பேங்க் வேலையை யாராவது விடுவார்களா?" என்று அப்பா தினமும் கேட்கிறார். கணவர் ஆதரவுதான், ஆனால் கணக்கைக் காட்டு என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான்.

பொருநை:

அக்கா, நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். முதலில் படிப்பு. இந்திய மறுவாழ்வுக் குழுமம், அதாவது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பை மட்டும் படியுங்கள். அதை முடித்தால்தான் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறி சி.ஆர்.ஆர். எண் கிடைக்கும். அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்வது 1992-ம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆறு மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பட்டயப் படிப்புக்கு பிளஸ் டூ போதும், பி.எட். சிறப்புக் கல்விக்கு டிகிரியில் 50 சதவீதம் வேண்டும், நேரடி வகுப்பு என்றால் இரண்டுமே இரண்டு வருஷம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட், அதாவது பல்வகைக் குறைபாடுள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மதுரையை விட்டு வர முடியாது என்றால் ஆர்.சி.ஐ. தளத்தில் உங்கள் மாவட்டத்து நிறுவனங்களின் பட்டியல் கிடைக்கும்.

வேலை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பட்டனையும் நாமே போட்டு, கடைசிப் பட்டனை ஓட்டைக்குள் பாதி நுழைத்து வைத்துவிடுவோம், குழந்தை இழுத்துவிட்டால் போதும். அது கைவந்ததும் நுழைப்பதையும் குழந்தையிடம் விடுவோம், அப்புறம் அதற்கு மேலே உள்ள பட்டன். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு முறையும் காரியம் குழந்தையின் கையாலேயே முடியும், அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாளும் உட்காரும். இதற்கே பல மாதம் ஆகலாம், கோடை விடுமுறை முடிந்து வரும்போது பாதி மறந்தும் போயிருக்கலாம், மறுபடி கடைசிப் பட்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உடம்பு வேலையும் நிறைய. கழிப்பறைப் பழக்கம், எச்சில் துடைப்பது, வலிப்பு வந்தால் சாய்த்துப் படுக்க வைப்பது எல்லாம் இதில் சேர்த்தி.

சம்பளத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் எங்களுக்குத் தொகுப்பூதியம்தான், பணி நிரந்தரம் கேட்டு எத்தனையோ போராட்டம் நடத்திவிட்டோம். தொண்டு நிறுவனப் பள்ளிகளில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். இப்போது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது, அதன்படி பணியிடங்களை உருவாக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவு போட்டது. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' சேவை மையங்களும் வருகின்றன. ஆள் தேவை இருக்கிறது அக்கா, அதற்கேற்ற ஊதியம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

லெட்ஜர்_பழசு:

மேடம், நானும் அரசு வங்கியில் அதிகாரியாக இருந்து ராஜினாமா செய்தவன், இப்போது போட்டித் தேர்வு வகுப்பு எடுக்கிறேன். உங்கள் கணவர் கேட்கும் கணக்குக்கு வருகிறேன்.

முதலில் வீட்டுக் கடன். ஸ்டாஃப் லோன் என்றால் நீங்கள் கட்டுவது சலுகை வட்டி, ராஜினாமாவுக்குப் பிறகு அது பொதுமக்களுக்கான வட்டிக்கு மாறும். இன்றைய பாக்கிக்குப் பொது வட்டியில் மாதத் தவணை என்ன வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், அந்தத் தொகையைக் கணவர் சம்பளம் தாங்குமா என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. வண்டிக் கடன், ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) மாதிரி சின்னச் சின்ன ஸ்டாஃப் கடன்களை இப்போதே அடைத்துவிடுங்கள்.

2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் உங்களுக்கு என்.பி.எஸ்., அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். விலகும்போது அதை மூடாதீர்கள். முன்கூட்டியே மூடினால் பெரும்பகுதியை ஆன்யுட்டியில், அதாவது தவணையாக ஓய்வூதியம் தரும் திட்டத்தில் போடச் சொல்வார்கள். பிரான் என்கிற அந்தக் கணக்கு எண் உங்களுடையது, வேலை போனாலும் கணக்கு தொடரும், முடிந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை ராஜினாமா செய்தாலும் உண்டு, ஐந்து வருஷ சர்வீஸ் போதும். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்த்து ஒரு லட்சம், சர்வீஸ் 12 வருஷம் என்று வைத்தால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதம் 26 நாள் என்ற 15/26 கணக்கில் சுமார் 6.9 லட்சம் வரும். அதை வீட்டுக் கடனில் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள், படிக்கும் இரண்டு வருஷமும் வீட்டுச் செலவுக்கு அது கையில் இருக்கட்டும்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். வங்கியின் குழுக் காப்பீடு ராஜினாமாவோடு நின்றுவிடும். தனியாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு இருக்கலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்துவிட்டால் அந்தக் காலம் இப்போதிருந்தே ஓடும்.

இன்னொன்று, பல அரசு வங்கிகளில் பெண் ஊழியர்களுக்கு சபாட்டிகல் என்று சம்பளமில்லா நீண்ட விடுப்பு இருக்கிறது. உங்கள் வங்கி சுற்றறிக்கையில் நிபந்தனைகளைப் படித்து, படிப்புக்கு எழுத்துமூலம் அனுமதி வாங்க முடிகிறதா பாருங்கள். கிடைத்தால் ராஜினாமாவைப் படிப்பு முடிகிற வரைக்கும் தள்ளிவைக்கலாம். கிடைக்காவிட்டால், அதிகாரிகளுக்கு நோட்டீஸ் மூன்று மாதம், கல்லூரி திறக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கடிதம் கொடுங்கள்.

கதிரின்_அம்மா:

தங்கச்சி, என் மகனுக்கு ஆட்டிசம், பதினேழு வயது நடக்கிறது. தரையில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டினேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் பதில் போடுகிறேன். எங்களோடு வங்கியில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

பெற்றவளாக ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குப் பேச்சு வராது. ஒரு டீச்சர் பட அட்டை பழக்கினார், தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கையில் கொடுப்பான். வீட்டிலும் அதே அட்டைகளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். அந்த டீச்சர் சம்பளம் போதாமல் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்து வந்தவர் வாயைத் திறந்து சொல்லட்டும் என்று அட்டைகளை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டார். கேட்க வழியில்லாமல் கையைக் கடிக்க ஆரம்பித்தான், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், மேலே தம்பி எழுதிய பணக் கணக்கை ஒழுங்காக முடித்துவிட்டு வாருங்கள். வந்தால் சில வருஷமாவது ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி வாருங்கள். பிள்ளைகள் ஒருவரிடம் பழகவே அவ்வளவு நாள் ஆகிறது.

இன்னொரு விஷயம், உங்கள் வங்கி அனுபவம் வீணாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பதினெட்டு வயது முடிந்துவிட்டால், பெற்றவர்களாகவே இருந்தாலும் நாங்கள் தானாகச் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம். 1999-ம் வருஷ தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றை ஏற்றுக் கணக்கு நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் எங்களைக் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கென்றே தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் எந்தப் பள்ளிக்குப் போனாலும், மாதம் ஒரு நாள் பெற்றோரை உட்கார வைத்து இதையெல்லாம் எழுதிக் கொடுத்தீர்கள் என்றால் எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா.

வைகைக்கரை:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. பொது வட்டியில் தவணையைப் போட்டுப் பார்த்தேன். கணவர் சம்பளத்தில் தவணை போக வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது போதவில்லை, ஆனால் கார் கடனை முடித்துவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அதனால் இந்த வருஷம் சேரவில்லை. கார் கடனை அடைத்து, காப்பீடு எடுத்துவிட்டு அடுத்த வருஷச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறேன், விடுப்புக்கு அதற்குள் எழுதிப் பார்க்கிறேன். கதிரின் அம்மா, பாதுகாவலர் சான்று பற்றி எங்கள் கிளையில் எனக்கே இதுவரை யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சுற்றறிக்கையைத் தேடி எடுத்து கவுண்டரில் இருப்பவர்களுக்கு விளக்கப் போகிறேன், அதற்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதில்லையே.

பொருநை தம்பி, சேர்வதற்கு முன்னால் நான் செய்து பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பொருநை:

ஞாயிற்றுக்கிழமை விடுதி போதாது அக்கா, அன்றைக்குப் பாடம் நடக்காது. ஒரு வாரம் லீவு போட்டு, அந்தப் பள்ளியிலேயே தலைமை ஆசிரியரிடம் கேட்டு, காலை மணி அடிப்பதிலிருந்து வேன் கிளம்பும் வரை ஒரே வகுப்பில் உட்காருங்கள். முடிந்தால் வீட்டுவழிப் பயிற்சிக்குப் போகிறவர்களோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள். படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைகளின் வீடுகள் அவை. பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், விண்ணப்பம் நிரப்ப நான் உதவுகிறேன்.