மாருதி 800 முன்பக்கம் "டக் டக்" சத்தம்: புது புஷ் போட்டும் சீக்கிரமே கிழியுது, வீட்டுலயே சரி பண்ணலாமா?

மஞ்சக்குப்பம் 800 (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டின 2001 மாடல் மாருதி 800 இப்போ என்கிட்ட இருக்கு. இந்த வருஷம் ஆர்சி புதுப்பிக்கணும். அதுக்குள்ள முன்பக்க சஸ்பென்ஷனை ஒழுங்கா பார்த்துடணும்னு இருக்கேன். விக்கிற எண்ணம் இல்லை, அதனால "புது வண்டி வாங்கிக்கோ"ன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

பிரச்சனை இதுதான். இடது முன்சக்கரம் பக்கம், ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஏறி இறங்கும்போது "டக்"னு ஒரு சத்தம். பிரேக் மிதிச்சா ஒரு "டக்", பிரேக்கை விட்டு கிளம்பும்போது இன்னொரு "டக்". புதுச்சேரி ரோட்டுல கொஞ்சம் வேகம் எடுத்தா வண்டி இடது பக்கம் இழுக்குது. இடது டயர் உள்பக்க ஓரம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு.

போன வருஷம் ஒரு ஷெட்டுல இடது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோட சேர்க்கிற இரும்புக் கை) புஷ் (அதோட மூட்டுல இருக்கிற ரப்பர்) மாத்தினாங்க. சில மாசத்துலயே சத்தம் திரும்ப வந்துடுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா புது ரப்பர் ஒரு பக்கமா முறுக்கிக் கிழிஞ்சிருக்கு. இப்போ கேட்டா ரெண்டு ஷாக், ரெண்டு லோயர் ஆர்ம், ஸ்டீரிங் ராக் (ஸ்டீரிங் திருப்புறதை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோற பாகம்) எல்லாமே மாத்தணும்னு சொல்றாங்க.

பானெட் மூலையை அழுத்திவிட்டுப் பார்த்தேன், ஒரு தடவை மேல வந்து நின்னுடுது. ஷாக்ல ஆயில் கசிவும் இல்லை. ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், டிராலி ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்ட் இருக்கு. குழி கிடையாது. வண்டி நிக்கிறது தேவனாம்பட்டினம் பக்கம் தகரக் கொட்டகையில, கடல் காத்துல அடியில இருக்கிற போல்ட் எல்லாம் பழுப்பாயிடுச்சு. இதுல எதை நானே செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

முத்தியால்பேட்டை பைக்கர்:

பழைய வண்டின்னா முதல்ல ரெண்டு ஷாக்கையும் ஜோடியா மாத்திடுங்க நண்பா. பாதிப் பிரச்சனை அதுலயே போயிடும்.

அரியாங்குப்பம் லேத்:

ஷாக்கை ஜோடியா மாத்தணும்ங்கிறது சரிதான் தம்பி. ஆனா இந்த வண்டிக்கு அது வேணுமான்னு முதல்ல பார்க்கணும். ஷாக் போயிருந்தா அழுத்திவிட்டதும் ரெண்டு மூணு தடவை ஆடும், டயர்ல அங்கங்கே திட்டுத்திட்டா தேய்மானம் இருக்கும். அவர் சொல்ற அடையாளம் எதுவும் அது இல்லை. பிரேக் மிதிக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம்னா சக்கரம் முன்னும் பின்னும் நகருதுன்னு அர்த்தம். ஷாக் மேலயும் கீழயும் ஆடுறதைத்தான் அடக்கும்.

நம்ம 800-ல முன்பக்க ஸ்டெபிலைசர் ராடுக்கு ரெண்டு வேலை. வளைவுல வண்டி சாயாமப் பிடிக்கிறது ஒண்ணு. லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராம இழுத்து நிறுத்துறது இன்னொண்ணு. லோயர் ஆர்ம் உள்பக்கம் ஒரே ஒரு போல்ட்டுலதான் தொங்குது, அதால தனியா பிரேக் இழுப்பைத் தாங்க முடியாது. ராடோட முனை ஆர்முக்குள்ள நுழையுற இடத்துல ரெண்டு பக்கமும் ரப்பர் புஷ் இருக்கும். அது தேஞ்சா பிரேக் அடிக்கிறப்போ சக்கரம் பின்னால போகும், விட்டா முன்னால வரும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரோட கோணமும் கெடும். உங்க மூணு குறையும் இந்த ஒரு இடத்துல வந்து சேருது. ஷெட்டுல அதைத் தொடாம ஆர்ம் புஷ்ஷை மட்டும் மாத்தியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

காசு போடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க. முன்பக்கம் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்திட்டு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா வீட்டுல யாரையாவது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங். அப்பவும் ஆடினா பால் ஜாயிண்ட், அதாவது லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சேருற உருண்டை மூட்டு. அடுத்தது இடமும் வலமும் பிடிச்சு ஆட்டுங்க, அதுல லூஸ் தெரிஞ்சா டை ராடு எண்ட் (ராக்குல இருந்து வர்ற கம்பி சக்கரத்தோட சேருற மூட்டு) இல்லைன்னா ராக். ராக் மாத்தச் சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க, இந்த ஒரு சோதனையிலயே அது வேணுமா வேணாமான்னு தெரிஞ்சுடும். அப்புறம் ஸ்ப்ரிங் மேல கையை லேசா வச்சுக்கிட்டு இன்னொருத்தரை ஸ்டீரிங்கை முழுசா திருப்பச் சொல்லுங்க. ஸ்ப்ரிங் சிக்கிச் சிக்கித் துள்ளினா ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த பாகம்) மேல பாடியோட பிடிக்கிற ஸ்ட்ரட் மவுண்ட் போயிருக்கு. கடைசியா ஒரு கடப்பாரை மாதிரி நீளக் கம்பியை லோயர் ஆர்முக்கும் ஸ்டெபிலைசர் ராடுக்கும் நடுவுல கொடுத்து நெம்புங்க. புஷ் எவ்வளவு விட்டுப்போச்சுன்னு கண்ணுக்கே தெரியும்.

புது புஷ் ஏன் முறுக்கிக் கிழிஞ்சதுன்னு கேட்டீங்க. இது பல ஷெட்டுல நடக்கிற விஷயம், ஆனா யாரும் சொல்லித் தர்றதில்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷோட நடுவுல ஒரு இரும்புக் குழாய், அதைச் சுத்தி ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை டைட் பண்ணினதும் அந்தக் குழாய் பாடியோட சேர்ந்து பிடிச்சுக்கும், திரும்பாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். சக்கரம் அந்தரத்துல தொங்குறப்போ டைட் பண்ணிட்டா, வண்டியைக் கீழ இறக்கின நொடியிலயே ரப்பர் பெரிய கோணத்துக்கு முறுக்கிக்கிட்டு அப்படியே நிக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு பள்ளத்துலயும் இன்னும் முறுக்கும். எவ்வளவு நல்ல ரப்பரா இருந்தாலும் கிழியத்தான் செய்யும். அதனால தொங்கும்போது போல்ட்டைக் கையால மட்டும் முடுக்கி வைங்க. பால் ஜாயிண்ட் பக்கத்துல ஆர்முக்கு அடியில ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டுல இருந்து வண்டி இப்பவோ அப்பவோ எழும்பும்ங்கிற அளவுக்கு ஏத்தி, வண்டி வழக்கமா நிக்கிற உயரத்துக்கு ஆர்மைக் கொண்டுவந்துட்டு, அப்புறம் கடைசி டைட் கொடுங்க.

ஓ.டி. ஜீப்:

லேத் அண்ணன் சொன்னதுல ஒரு வரி கூடத் தப்பில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ரெண்டு மட்டும் சேர்க்கிறேன்.

வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க. ஹாலோ பிளாக், செங்கல் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது, சொல்லாம கொள்ளாம உடையும். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. கழட்டின சக்கரத்தைப் படுக்க வச்சு பாடிக்கு அடியில தள்ளி வைங்க.

ரெண்டாவது, ஸ்ட்ரட்டோட மேல் நடுவுல இருக்கிற பெரிய நட்டை வீட்டுல எக்காரணம் கொண்டும் கழட்டாதீங்க. அமுங்கின ஸ்ப்ரிங்கை அந்த ஒரு நட்டுதான் பிடிச்சிருக்கு. ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் இல்லாம அதைத் திருகினா ஆளையே அடிச்சுடும். ஷாக்கோ மவுண்ட்டோ மாத்த வேண்டி வந்தா, ஸ்ட்ரட்டை முழுசா இறக்கி எடுத்துக்கிட்டுப் போய் கம்ப்ரஸர் வச்சிருக்கிற ஷெட்டுல கொடுங்க. இறக்கும்போது பிரேக் ஹோஸ் கிளிப்பை எடுக்க மறக்காதீங்க, ஹோஸ்ல எடை தொங்கக்கூடாது.

தாழங்குடா வாசகி:

நாங்களும் கடற்கரை ஓரம்தான். எங்க வீட்டு வண்டியில பார்ட்ஸை விட முன்னாடி போனது தகரம்தான். அதனால புஷ் வாங்குறதுக்கு முன்னாடி பாடியைப் பாருங்க சார். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் வந்து சேருற மேடையைச் சுத்தி, அப்புறம் அடியில லோயர் ஆர்ம் போல்ட் போற இடத்துல, ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்லது. மொத்தையா கேட்டு, துரு செதில் செதிலா உதிர்ந்தா முதல் வேலை வெல்டிங்தான். 2024-ல ஃபெஞ்சல் புயலப்போ தண்ணியில நின்ன வண்டின்னா இன்னும் கவனமா பாருங்க, பாடி மடிப்புக்குள்ள போன சேறு வெளியே வராம உள்ளேயே ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

போல்ட்டை ஒரே மூச்சுல கழட்டப் பார்க்காதீங்க. முந்தின நாள் ராத்திரியே கம்பி பிரஷ்ஷால மறையைத் தேச்சு, துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க, காலையில இன்னொரு தடவை அடிங்க. முதல்ல டைட் பண்ற பக்கம் ஒரு துளி அசைச்சுட்டு அப்புறம் கழட்டுங்க. போல்ட்டை சுத்தியலால தட்டி எடுக்கணும்னா நட்டை முனை வரைக்கும் விட்டுட்டு அதுமேல தட்டுங்க, மறை சிதையாது. புது போல்ட் கையில இல்லாம பழசைத் தொடவே வேண்டாம்.

மஞ்சக்குப்பம் 800:

எல்லாருக்கும் மனசார நன்றி. ஞாயித்துக்கிழமை தம்பியைக் கூட வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்தேன்.

மேலயும் கீழயும் ஆட்டம் இல்லை. இட வலமும் ஆட்டம் இல்லை, அப்போ ராக் மேல எந்தக் குறையும் இல்லை. ஸ்ப்ரிங் துள்ளலை. கம்பி கொடுத்து நெம்பினதும் இடது ஆர்ம் நல்லா முன்னும் பின்னும் போகுது, அதே "டக்" சத்தத்தோட! ராடு முனை புஷ் ரெண்டும் நசுங்கி ஓட்டை நீளமாயிடுச்சு. பாடியில தட்டினேன், கணீர்னுதான் கேட்டுது, மேல் துரு மட்டும்தான்.

அப்போ ராடு முனை புஷ் ரெண்டு பக்கத்துக்கும், பாடியில ராடைப் பிடிக்கிற புஷ், இடது ஆர்ம் புஷ், இவ்வளவு போதுமா? முழு லோயர் ஆர்மே வாங்கிடலாமா? புஷ் உள்ள போக கிரீஸ் தடவலாமா?

அரியாங்குப்பம் லேத்:

பால் ஜாயிண்ட்ல ஆட்டம் இல்லை, ரப்பர் உறையும் கிழியலைன்னா பழைய ஆர்மையே வச்சுக்கோங்க. உறை கிழிஞ்சிருந்தா மணல் உள்ள போய் சீக்கிரம் தேஞ்சுடும், அப்போ பால் ஜாயிண்ட், புஷ்ஷோட வர்ற முழு ஆர்மா வாங்குறதுதான் நல்லது. ஆர்ம் புஷ்ஷை வீட்டுல சுத்தியலால அடிச்சு இறக்காதீங்க, கோணலா இறங்கும். ஆர்மைக் கையில எடுத்துக்கிட்டு ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குப் போங்க, பிரஸ்ல அஞ்சு நிமிஷ வேலை.

கிரீஸ் வேண்டவே வேண்டாம், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவச்சுக் கெடுத்துடும். சோப்புத் தண்ணி போதும்.

ராடைக் கழட்டும்போது முன்சக்கரம் ரெண்டையும் சேர்த்துத் தூக்குங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ராடு முறுக்குல நிக்கும், நட்டு போனதும் துள்ளும். முனையில இருக்கிற குழிவான வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்துக்கோங்க. திருப்பிப் போட்டா புது புஷ்ஷும் சீக்கிரம் நசுங்கிடும்.

மஞ்சக்குப்பம் 800:

வேலை முடிஞ்சுது. ராடு நட்டு ஒண்ணு மட்டும் ரொம்பத் தகராறு பண்ணுச்சு, ராத்திரி பூரா ஊறவிட்டதும் வழிக்கு வந்துடுச்சு. கடைசி டைட் ஆர்முக்கு அடியில ஜாக்கி கொடுத்துதான் பண்ணேன். ஸ்பீட் பிரேக்கர்லயும் பிரேக்லயும் சத்தம் சுத்தமா இல்லை. அம்மா பின் சீட்ல உட்கார்ந்து வந்தாங்க, "அப்பா ஓட்டினப்போ இருந்த மாதிரி இருக்குடா"ன்னாங்க.

ஒண்ணு மட்டும் பாக்கி. இடது பக்கம் இழுக்கிறது ரொம்பக் குறைஞ்சிருக்கு, ஆனா முழுசா போகலை.

அரியாங்குப்பம் லேத்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. தேஞ்ச டயரே இழுக்கும். முதல்ல காத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கான்னு பார்த்துட்டு, முன் டயர் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு ஓட்டுங்க. இழுப்பு வலது பக்கம் மாறினா டயர்தான் காரணம், அதை மாத்திட்டு அலைன்மெண்ட் பண்ணுங்க. இடது பக்கமே இழுத்தா நேரா அலைன்மெண்ட் கடைக்குப் போங்க. நம்ம வண்டியில முன்னாடி டோ (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற கோணம்) மட்டும்தான் திருத்த முடியும். கேம்பர் (முன்னால இருந்து பார்த்தா சக்கரம் சாய்ஞ்சு நிக்கிற கோணம்) தப்பா காட்டினா ஏதோ ஒரு பார்ட் வளைஞ்சிருக்கு, அலைன்மெண்ட் கடையில கொடுக்கிற சீட்டை இங்கே போடுங்க, பார்க்கலாம்.

எப்படியும் கொஞ்ச தூரம் ஓடினதும் நீங்க கழட்டின நட்டு எல்லாத்தையும் ஒரு தடவை டைட் பாருங்க. புது ரப்பர் கொஞ்சம் அமுங்கி உட்காரும். டைட் பார்க்கும்போதும் ஆர்ம் போல்ட்டைத் தொங்க விட்டுத் தொடாதீங்க.

மஞ்சக்குப்பம் 800:

டயர் மாத்திப் போட்டேன் அண்ணா, இழுப்பு வலது பக்கம் போயிடுச்சு. புது டயருக்குச் சொல்லியாச்சு, போட்டதும் அலைன்மெண்ட். வலது ஆர்ம் புஷ்ஷையும் இதே முறையில மாத்திடப் போறேன்.